இலண்டன் புகையும் இறந்தோர் கணக்கும்

உணவின்றிச் சில வாரங்கள் மனிதன் உயிர் வாழலாம். நீரின்றிச் சில நாள்கள் வாழலாம். காற்றின்றிச் சில நிமிடங்கள்கூட வாழ இயலாது. ஆயினும் உணவிலும் குடிநீரிலும் காட்டும் கவனத்தை மனிதன் தான் உள்ளிழுக்கும் காற்றில் காட்டுவதில்லை. கெட்டுப்போன சோற்றை அவன் கொட்டிவிடுகிறான். கலங்கிய நீரை வடிகட்டிக் குடிக்கிறான். காற்று கெட்டால் மட்டும் அதனையே தொடர்ந்து சுவாசிக்கிறான். வேறு காற்றைத் தேடிக்கொள்ளும் வசதி தனிமனிதன் எவனுக்கும் இல்லை. செல்வனும் வறியவனும், குழந்தையும் முதியவரும் ஒரே காற்றைத்தான் பகிர்ந்துகொள்கின்றனர். எனவே, காற்றைக் காப்பது தனிமனிதனின் கடமையாக மட்டும் இருக்க முடியாது. அது சமுதாயத்தின் கடமையாகவும் அரசின் கடமையாகவும் இருத்தல் வேண்டும்.

இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்திய நகரம் இலண்டன். அந்நகரில் நிலக்கரிப் புகைக்கு எதிராக அரசன் ஆணை பிறப்பித்த ஆண்டு 1307. அப்புகையை உண்மையிலேயே ஒடுக்கத் தொடங்கிய சட்டம் நிறைவேறிய ஆண்டு 1956. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 650 ஆண்டுகள் கழிந்தன. புகை தீயது என்பது தொடக்கத்திலேயே தெரிந்திருந்தும் அதனை அகற்ற ஏன் இத்தனை நூற்றாண்டுகள் ஆயின? இலண்டன் புகையின் வரலாறு இக்கேள்விக்கு விடை கூறுகிறது.

கடல்வழி வந்த நிலக்கரி

பதின்மூன்றாம் நூற்றாண்டில் இலண்டனைச் சுற்றியிருந்த காடுகள் குறைந்தன. விறகின் விலை ஏறியது. கட்டடங்களுக்கு வேண்டிய சுண்ணாம்பைச் சுடுவோர் மலிவான எரிபொருளை நாடினர். இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள நியூகாசில் பகுதியிலிருந்து மரக்கலங்களில் நிலக்கரி வந்து இறங்கியது. கடல் வழியாக வந்தமையால் மக்கள் அதனைக் 'கடல் நிலக்கரி' என்றே அழைத்தனர். அது விறகைப் போன்று எரியவில்லை. கந்தக நெடி வீசும் கரும்புகையைக் கக்கியது.

1257ஆம் ஆண்டில், மூன்றாம் ஹென்றி மன்னனின் அரசி எலினோர், நாட்டிங்காம் நகரில் தங்கியிருந்தபோது நிலக்கரிப் புகையைத் தாங்க இயலாமல் அந்நகரை விட்டே வெளியேறினார். 1285ஆம் ஆண்டில் இலண்டன் சுண்ணாம்புக் காளவாய்களின் புகையைப் பற்றி விசாரிக்க ஆணையர்கள் அமர்த்தப்பட்டனர். 1307ஆம் ஆண்டில் முதலாம் எட்வர்ட் மன்னன் காளவாய்களில் கடல் நிலக்கரி எரிப்பதைத் தடைசெய்து ஆணையிட்டான். ஆணை பிறந்தது, புகை நிற்கவில்லை. மலிவான விறகை மன்னனால் வழங்க முடியவில்லை. மாற்று வழி காட்டாத தடை ஏட்டோடு நின்றுவிடும் என்பதற்கு இவ்வாணை ஒரு பழைய சான்று.

பதினாறாம் நூற்றாண்டின் இறுதிக்குள் நிலக்கரி தொழிற்கூடங்களைக் கடந்து இல்லங்களுக்குள்ளும் புகுந்துவிட்டது. குளிர் மிகுந்த அந்நாட்டில் கணப்பு அடுப்பில்லாத வீடு இல்லை. வீடுதோறும் புகைபோக்கி எழுந்தது. இலண்டனின் வானம் கறுக்கத் தொடங்கியது.

இரு நூல்கள்

1661ஆம் ஆண்டில் ஜான் ஈவ்லின் என்னும் அறிஞர் இலண்டன் புகையைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதி இரண்டாம் சார்லஸ் மன்னனுக்குக் காணிக்கையாக்கினார். 'ஃபியூமிஃபியூஜியம்' என்பது அந்நூலின் பெயர். சுண்ணாம்பு சுடுவோர், சாயம் தோய்ப்போர், சவர்க்காரம் காய்ச்சுவோர் ஆகியோரின் தொழிற்கூடங்களை நகருக்கு வெளியே அகற்ற வேண்டும். நகரைச் சூழ நறுமணச் செடிகளையும் மரங்களையும் நட்டு வளர்க்க வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். தொழிற்கூடங்களைக் குடியிருப்புகளிலிருந்து பிரித்து வைக்கும் இக்காலத்து நகரமைப்புக் கொள்கையின் வித்தினை அந்நூலில் காணலாம். மன்னன் நூலைப் பாராட்டினான். பரிந்துரைகள் மட்டும் நிறைவேறவில்லை.

அடுத்த ஆண்டில், அஃதாவது 1662இல், மற்றொரு நூல் வெளிவந்தது. அதனை எழுதிய ஜான் கிரான்ட் ஒரு துணி வணிகர். கொள்ளை நோய்க் காலங்களில் இறந்தோரின் எண்ணிக்கையை வாரந்தோறும் வெளியிடும் வழக்கம் இலண்டனில் இருந்தது. அப்பட்டியல்களைத் தொகுத்து, கூட்டியும் கழித்தும் ஒப்பிட்டும் நோக்கி, அவற்றிலிருந்து நகரின் உடல்நலத்தைக் கணித்தார் கிரான்ட். மக்கள்தொகைப் புள்ளியியலின் முன்னோடியாக அறிஞர்கள் அவரைப் போற்றுகின்றனர். இலண்டன் முன்னைவிட நலங்குன்றிப் போனதற்கு மக்கள் நெருக்கத்தோடு நிலக்கரி எரிப்பு மிகுந்ததும் ஒரு காரணம் என்று அவர் கருதினார்.

ஈவ்லின் புகையைக் கண்ணால் கண்டு கண்டித்தார். கிரான்ட் அதனைக் கணக்கின் வழியாகக் கண்டார். இவ்விரு வழிகளில் எது வெற்றி பெற்றது என்பதைப் பின்வந்த வரலாறு காட்டியது. அதற்கு மேலும் 300 ஆண்டுகள் தேவைப்பட்டன.

புகையே செழிப்பு

தொழிற்புரட்சி தோன்றியபின் புகை பன்மடங்கு பெருகியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 10 இலட்சமாக இருந்த இலண்டனின் மக்கள்தொகை, அந்நூற்றாண்டின் இறுதியில் 60 இலட்சத்தைக் கடந்தது. அத்தனை குடும்பங்களும் நிலக்கரியைக் கொண்டே சமைத்தன. நிலக்கரியைக் கொண்டே குளிர் காய்ந்தன.

புகை உடலைக் கெடுக்கும் என்பதற்குச் சான்றுகள் இல்லாமலில்லை. 1775ஆம் ஆண்டிலேயே பெர்சிவல் பாட் என்னும் அறுவை மருத்துவர், புகைபோக்கி துடைக்கும் தொழிலாளரிடையே ஒருவகைப் புற்றுநோய் மிகுந்திருப்பதைக் கண்டு, அவர்கள் உடலில் படியும் புகைக்கரியே அதற்குக் காரணம் என்று எழுதினார். அத்தொழிலில் இளம் பருவத்திலேயே ஈடுபடுத்தப்பட்ட ஏழைச் சிறுவர்களே, வளர்ந்தபின் அந்நோய்க்கு இரையாயினர். 1873ஆம் ஆண்டு டிசம்பரில் அடர்ந்த மூடுபனி இலண்டனைப் போர்த்தியபோது, இஸ்லிங்டனில் நடந்த கால்நடைக் கண்காட்சிக்குக் கொண்டுவரப்பட்ட கொழுத்த மாடுகள் மூச்சுத்திணறி மாண்டன. மாடுகள் மாண்டதை ஊர் முழுதும் பேசியது. அதே வாரத்தில் இறந்த மனிதரைப் பற்றிய பேச்சு அந்த அளவுக்கு எழவில்லை.

இதற்குக் காரணம் உண்டு. ஆலையின் புகைபோக்கியிலிருந்து புகை எழுந்தால் அங்கு வேலை நடக்கிறது என்று பொருள். வேலை நடந்தால் கூலி கிடைக்கும். கூலி கிடைத்தால் அடுப்பு எரியும். எனவே, புகை செழிப்பின் அடையாளமாகவே கருதப்பட்டது. கலைஞருக்கும் அது விருந்தாயிற்று. பிரெஞ்சு ஓவியர் குளோட் மொனே 1899 முதல் 1901 வரை இலண்டனுக்கு மும்முறை வந்து தேம்ஸ் ஆற்றின்மீது படர்ந்த மூடுபனியை வண்ணங்களில் வடித்தார்.

சட்டங்களும் இயற்றப்பட்டன. ஆனால், அவற்றில் ஓட்டைகள் மிகுந்திருந்தன. 1891ஆம் ஆண்டின் இலண்டன் பொதுச் சுகாதாரச் சட்டம் 'கரும்புகை' வெளிவிடுவதைக் குற்றமாக்கியது. தம் புகை கறுப்பன்று, கரும்பழுப்பே என்று வாதாடித் தப்புவதற்கு ஆலையினருக்கு அச்சொல்லே இடங்கொடுத்தது. அதனினும் பெரிய ஓட்டை, இல்லங்களின் புகைபோக்கிகள் சட்டத்தினின்று முற்றாக விலக்கப்பட்டிருந்தமையாகும். ஆங்கிலேயரின் இல்லத்தில் கணப்பு அடுப்பு நம் நாட்டுக் குத்துவிளக்கைப் போன்றது. அதன்மீது கை வைக்க எந்த அரசும் துணியவில்லை.

1905ஆம் ஆண்டில் டி வோ என்னும் மருத்துவர், புகையையும் பனியையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களை இணைத்து 'ஸ்மாக்' என்னும் புதுச்சொல்லை வழங்கினார். தமிழில் அதனைப் 'புகைப்பனி' எனலாம். துன்பத்துக்குப் பெயர் கிடைத்தது, தீர்வு கிடைக்கவில்லை.

கேட்கப்படாத எச்சரிக்கை

1930ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், பெல்ஜியம் நாட்டின் மியூஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், தொழிற்சாலைகளின் புகை பனியோடு கலந்து சில நாள்கள் தேங்கி நின்றது. ஏறத்தாழ 60 பேர் மாண்டனர். இக்கொடுமையை ஆராய்ந்த அறிஞருள் ஒருவரான ஷான் ஃபிர்க்கே, 1936ஆம் ஆண்டில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினார். இதே நிலை இலண்டன் மாநகருக்கு நேருமானால் 3,200 பேர் மடிய நேரிடும் என்பது அவர் கணக்கு. 1948ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் டொனோரா என்னும் சிற்றூரில், துத்தநாக ஆலையின் புகையும் எஃகு ஆலையின் புகையும் தேங்கியதால் 20 பேர் உயிரிழந்தனர், ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர். இவ்விரு எச்சரிக்கைகளும் இலண்டனின் செவியில் ஏறவில்லை.

ஐந்து நாள்கள்

1952ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 5ஆம் நாள், வெள்ளிக்கிழமை. இலண்டன் கடுங்குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தது. இயல்பாகத் தரைக்கு அருகே வெப்பமாகவும் மேலே செல்லச் செல்லக் குளிர்ச்சியாகவும் காற்று இருக்கும்; வெப்பக் காற்று மேலெழும்போது புகையையும் உடன் தூக்கிச் செல்லும். அன்று இந்நிலை தலைகீழாயிற்று. குளிர்ந்த காற்று தரையோடு படிந்திருக்க, அதன்மீது வெப்பக் காற்றுப் படலம் ஒரு மூடிபோலக் கவிந்தது. காற்று வீசவும் இல்லை. மூடியிட்ட பானைக்குள் அகப்பட்டாற்போல் மாநகரின் புகை முழுதும் உள்ளேயே தங்கிவிட்டது.

குளிர் மிகுந்ததால் மக்கள் மேலும் மேலும் நிலக்கரியை அடுப்பிலிட்டனர். போரினால் நலிந்திருந்த பிரிட்டன் தரமான நிலக்கரியை அயல்நாடுகளுக்கு விற்றுப் பொருளீட்டியது. உள்நாட்டு மக்களுக்கோ புகை மிகுந்த மலிவான கரித்தூள் பங்கீட்டுக் கட்டுப்பாடின்றிக் கிடைத்தது. நகருக்குள்ளேயே மின்நிலையங்களும் நிலக்கரியை எரித்தன. அவ்வாண்டு ஜூலையில்தான் மின்சார டிராம் வண்டிகள் முற்றாக நிறுத்தப்பட்டு அவற்றின் இடத்தில் டீசல் பேருந்துகள் ஓடத் தொடங்கியிருந்தன.

அந்நாள்களில் ஒவ்வொரு நாளும் 1,000 டன் புகைத்துகளும், 140 டன் ஹைட்ரோகுளோரிக் அமிலமும், 14 டன் ஃபுளோரின் சேர்மங்களும் காற்றில் கலந்தன என்று பிரிட்டிஷ் வானிலைத் துறை கணக்கிட்டுள்ளது. நாள்தோறும் வெளியான 370 டன் கந்தக டையாக்சைடு, பனித்துளிகளில் கரைந்து கந்தக அமிலமாக மாறியது. நிலக்கரி எரியும்போது உடன் வெளிவந்த நைட்ரஜன் டையாக்சைடு இம்மாற்றத்துக்குத் துணை நின்றது என்பதை 2016ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று விளக்கியது. அஃதாவது, இலண்டன் மக்கள் ஐந்து நாள்கள் அமிலத்தையே சுவாசித்தனர்.

பகலும் இரவும் ஒன்றாயின. சில இடங்களில் தம் கால்களையே காண முடியாமல் மக்கள் சுவரைத் தடவித் தடவி நடந்தனர். பேருந்துகள் நின்றன. விளையாட்டுப் போட்டிகள் கைவிடப்பட்டன. திங்கட்கிழமை இரவு சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் நடந்துகொண்டிருந்த இசைநாடகம், அரங்கினுள்ளும் புகை புகுந்துவிட்டதால் இடையில் நிறுத்தப்பட்டது. 1873இல் நேர்ந்தது போலவே இம்முறையும் கால்நடைக் கண்காட்சிக்கு வந்திருந்த மாடுகள் மூச்சுத்திணறி மாண்டன. செவ்வாய்க்கிழமை, டிசம்பர் 9ஆம் நாள், காற்று வீசியது, புகைப்பனி விலகியது, மக்கள் வழக்கம்போல் தம் அலுவல்களுக்குத் திரும்பினர்.

ஒரு பேரழிவு நடந்து முடிந்ததை அவர்கள் அப்போது அறியவில்லை. வெள்ளமோ நெருப்போ விட்டுச் செல்லும் சுவடு எதனையும் புகை விட்டுச் செல்லவில்லை. இறந்தோர் தெருக்களில் விழுந்து கிடக்கவில்லை. தத்தம் வீட்டுப் படுக்கைகளிலும் மருத்துவமனைகளிலும் தனித்தனியே உயிர் நீத்தனர். சான்றிதழ்களில் மூச்சுக்குழல் அழற்சி என்றும், நுரையீரல் அழற்சி என்றும், இதயநோய் என்றும் எழுதப்பட்டதேயன்றிப் புகை என்று எழுதப்படவில்லை. சவப்பெட்டிகள் தீர்ந்துபோனதையும் மலர்வளையங்களுக்குப் பூ கிடைக்காததையும் கண்டவர்களே முதலில் ஐயுற்றனர்.

கணக்கும் சட்டமும்

உண்மையை வெளிப்படுத்தியது இறப்புப் பதிவேடு. டிசம்பர் 13ஆம் நாள் முடிவடைந்த வாரத்தில் பெரிய இலண்டனில் இறந்தோர் 4,703 பேர். முந்திய ஆண்டில் அதே வாரத்தில் இறந்தோர் 1,852 பேர். முதியோரும், நுரையீரல் நலிந்தோரும், பச்சிளங் குழந்தைகளும் பெருமளவில் மாண்டிருந்தனர். கிரான்ட் காட்டிய வழி 290 ஆண்டுகளுக்குப் பின் பயன்பட்டது.

இயல்பைவிட மிகுதியாக இறந்தோர் ஏறத்தாழ 4,000 பேர் என்று அரசு ஏற்றுக்கொண்டது. ஆனால், 1953ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களிலும் இறப்பு விகிதம் தணியவில்லை. அவ்விறப்புகளை அரசு சளிக்காய்ச்சலின் கணக்கில் எழுதியது. 2001ஆம் ஆண்டில் மிஷெல் பெல், டெவ்ரா டேவிஸ் என்னும் ஆய்வாளர் இருவர் பழைய ஏடுகளை மீண்டும் ஆராய்ந்து, சளிக்காய்ச்சல் அத்தனை இறப்புகளுக்கும் காரணமாக இருக்க இயலாது என்றும், உண்மைத் தொகை ஏறத்தாழ 12,000 ஆகும் என்றும் காட்டினர்.

அரசு தொடக்கத்தில் தயங்கியது. பொருளாதார நெருக்கடியில் நாடு இருந்தது. மக்களின் கணப்பு அடுப்பில் கை வைத்தால் வாக்குகள் குறையுமென்ற அச்சமும் இருந்தது. வீட்டுவசதி அமைச்சராக இருந்து பின்னாளில் பிரதமரான ஹரால்டு மெக்மில்லன், பெரிதாக எதுவும் செய்ய இயலாது, ஆயினும் சுறுசுறுப்பாக இருப்பதாகக் காட்டிக்கொள்ளலாம் என்னும் பொருள்பட அமைச்சரவைக்குக் குறிப்பு எழுதினார். அடுத்த குளிர்காலத்தில் நோயாளிகளுக்கு முகமூடி வழங்க மருத்துவர்களுக்கு இசைவு தரப்பட்டது. நுண்துகள்களைத் தடுக்க அம்மெல்லிய துணி சிறிதும் உதவவில்லை.

கண்துடைப்பாகக் கருதப்பட்ட குழு ஒன்றே இறுதியில் மாற்றத்தைக் கொணர்ந்தது. 1953ஆம் ஆண்டில் பொறியாளர் சர் ஹியூ பீவர் தலைமையில் அமைந்த அக்குழு, 1954ஆம் ஆண்டு நவம்பரில் தன் இறுதி அறிக்கையை அளித்தது. காற்றுத் தூய்மைக்கேட்டினால் நாட்டுக்கு ஆண்டுதோறும் 25 கோடி பவுன் இழப்பு ஏற்படுகிறது என்று அது கணக்கிட்டது. புகையை ஒழிக்கப் பணமில்லை என்றவர்களுக்கு, புகையை ஒழிக்காததால் இழக்கும் பணத்தைக் காட்டியது. பத்து முதல் பதினைந்து ஆண்டுகளில், மக்கள் நெருங்கி வாழும் பகுதிகளின் புகையை 80 விழுக்காடு குறைத்தல் வேண்டும் என்றும் இலக்கு வகுத்தது. அதன் பின்னரும் அரசு விரைந்து செயற்படவில்லை. ஆளுங்கட்சி உறுப்பினராகிய ஜெரால்டு நபாரோ தாமே ஒரு தனிநபர் மசோதாவைக் கொணர்ந்தபின்பே அரசு சட்டமியற்ற உறுதியளித்தது.

1956ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் தூய காற்றுச் சட்டம் நடப்புக்கு வரும் இசைவைப் பெற்றது. முதன்முறையாக இல்லத்துப் புகைபோக்கியும் நாடளாவிய சட்டத்தின் கீழ் வந்தது. நகராட்சிகள் தம் பகுதிகளைப் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகளாக அறிவிக்கலாம். அங்குப் புகையில்லா எரிபொருளையே பயன்படுத்த வேண்டும். அடுப்பை மாற்றும் செலவில் பத்தில் ஏழு பங்கினை அரசும் நகராட்சியும் ஏற்றன. எஞ்சிய மூன்று பங்கே வீட்டுக்காரரின் பொறுப்பாயிற்று. 1307ஆம் ஆண்டின் ஆணையில் இல்லாத சிறப்பு இதுவே. பழைய ஆணை செய்யாதே என்று மட்டும் கூறியது; புதிய சட்டம் செய்யவேண்டியதைக் கூறி, அதற்குரிய பொருளையும் கொடுத்தது.

பயன் உடனே விளையவில்லை. 1962ஆம் ஆண்டு டிசம்பரில் மற்றுமொரு புகைப்பனி நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்டது. எனினும், மின்சாரமும் வடகடலின் இயற்கை எரிவாயுவும் இல்லங்களுக்குப் பரவப் பரவ, இலண்டனின் கரும்புகை மறைந்தது.

மரமும் மழையும்

புகையினால் துன்புற்றது மனிதன் மட்டுமன்று. தொழில் நகரங்களைச் சூழ்ந்த மரங்களின் பட்டைகள் கரிபடிந்து கறுத்தன. அவற்றின்மீது படரும் வெளிறிய லைக்கன் பாசிகள் அழிந்தன. அம்மரங்களில் தங்கும் வெண்ணிற அந்துப்பூச்சி ஒன்று கறுத்த பட்டையில் எளிதில் புலப்பட்டுப் பறவைகளுக்கு இரையாயிற்று. கருநிற வகை தப்பிப் பெருகியது. மான்செஸ்டரில் 1848ஆம் ஆண்டில் முதன்முதலாகக் குறிக்கப்பெற்ற அக்கருநிற வகை, அந்நூற்றாண்டின் இறுதிக்குள் அங்கு ஏறத்தாழ முழுமையாகப் பரவிவிட்டது. தூய காற்றுச் சட்டத்துக்குப்பின் காற்று தெளியவே, வெண்ணிறப் பூச்சிகள் மீண்டும் பெருகின.

ஆனால், தீர்வு என்று கருதிய ஒன்று புதிய தீங்கையும் விளைவித்தது. ஊரார்மீது புகை படியாதிருக்க ஆலைகளும் மின்நிலையங்களும் மிக உயர்ந்த புகைபோக்கிகளை எழுப்பின. உயரச் சென்ற கந்தகப் புகை காற்றோடு நெடுந்தொலைவு சென்று, சுவீடன், நார்வே நாடுகளில் அமில மழையாகப் பொழிந்தது. ஏரிகளில் மீன்கள் மடிந்தன. 'அமில மழை' என்னும் கருத்தை ராபர்ட் ஆங்கஸ் சுமித் என்னும் வேதியியலறிஞர் 1872ஆம் ஆண்டிலேயே தம் நூலில் விளக்கியிருந்தார். நூறாண்டுகளுக்குப் பின்பே உலகம் அதனைப் பொருட்படுத்தியது. 1979ஆம் ஆண்டில் ஜெனீவாவில், எல்லை கடந்து செல்லும் காற்றுத் தூய்மைக்கேட்டைத் தடுக்க நாடுகள் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன.

எல்லை கடந்த புகை

புகைக்குக் கடவுச்சீட்டு தேவையில்லை என்னும் இப்பாடத்தைத் தென்கிழக்காசியாவும் துன்பப்பட்டே கற்றது. சிங்கப்பூரில் 1971ஆம் ஆண்டில் தூய காற்றுச் சட்டமும், மலேசியாவில் 1974ஆம் ஆண்டில் சுற்றுச்சூழல் தரச் சட்டமும் இயற்றப்பட்டன. ஆயின், 1997ஆம் ஆண்டில் சுமத்திராவிலும் கலிமந்தானிலும் நிலத்தைத் துப்புரவாக்க மூட்டிய தீ சதுப்பு நிலக் கரிமண்ணில் பற்றிப் படர்ந்தபோது, உள்நாட்டுச் சட்டங்கள் அதனைத் தடுக்க இயலவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் சரவாக்கில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 300ஐக் கடந்தாலே பேரிடர் எனக் கருதப்படும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு, கூச்சிங்கில் 839ஐத் தொட்டது.

இங்கும் கணக்கின் சிக்கல் எழுந்தது. அதன்பின் மலேசியாவில் அக்குறியீட்டு எண்களைப் பொதுமக்களுக்கு வெளியிடும் வழக்கம் நிறுத்தப்பட்டது; சுற்றுலாத் துறை நலியும் என்ற அச்சம் அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. எண்ணை மறைப்பதால் புகை மறைந்துவிடுமா? 2005ஆம் ஆண்டு ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கும் அளவுக்குப் புகைமூட்டம் மிகுந்தபோது, எண்கள் மீண்டும் வெளியிடப்பட்டன. புகைமூட்டம் பற்றிய ஆசியான் உடன்படிக்கை 2002ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் கையெழுத்தானது. இந்தோனேசியா அதனை ஏற்றுறுதி செய்தது 2014ஆம் ஆண்டில்தான்.

கண்ணுக்குத் தெரியாத மாசு

இலண்டனின் வானம் தெளிந்துவிட்டது. ஆயினும் காற்று முற்றாகத் தூய்மை பெற்றுவிடவில்லை. கரும்புகையின் இடத்தை ஊர்திகளின் நைட்ரஜன் டையாக்சைடும் கண்ணுக்குப் புலனாகாத நுண்துகள்களும் பிடித்துக்கொண்டன. தலைமுடியின் தடிப்பில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைந்த அத்துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை சென்று, குருதியிலும் கலக்கின்றன. வெளிக்காற்றின் தூய்மைக்கேடு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2013ஆம் ஆண்டில் அறிவித்தது. 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் வெளிக்காற்றின் மாசினால் காலத்துக்கு முன்பே இறந்தோர் 42 இலட்சம் பேர் என்பது அந்நிறுவனத்தின் மதிப்பீடு.

2013ஆம் ஆண்டில் இலண்டனில் போக்குவரத்து மிகுந்த சாலையருகே வாழ்ந்த ஒன்பது வயதுச் சிறுமி ஆஸ்துமா நோயினால் இறந்தாள். அவள் தாயார் பல்லாண்டுகள் போராடினார். 2020ஆம் ஆண்டு டிசம்பரில், மரண விசாரணை அதிகாரி, அவள் இறப்புக்குரிய காரணங்களுள் ஒன்றாகக் காற்றுத் தூய்மைக்கேட்டைப் பதிவு செய்தார். பிரிட்டனில் இறப்பின் காரணமாக அச்சொல் எழுதப்பெற்றது அதுவே முதன்முறை. 1952ஆம் ஆண்டில் ஆயிரக்கணக்கானோருக்கு மறுக்கப்பட்ட சொல் 68 ஆண்டுகளுக்குப் பின் ஒரு சிறுமிக்குக் கிடைத்தது.

அறியாமையினால் மட்டும் புகை 650 ஆண்டுகள் வாழவில்லை. அதனால் மடிந்தோர் வேறு பெயர்களில் புதைக்கப்பட்டமையாலும், அதனை அகற்றும் செலவை ஏற்பார் இன்மையாலுமே அது வாழ்ந்தது. இறந்தோரை நேர்மையாக எண்ணியதும், செலவைப் பகிர்ந்துகொண்டதும் ஆகிய இரண்டுமே இறுதியில் அதனை விரட்டின. கண்ணுக்குத் தெரிந்த புகைக்கே அத்தனை காலம் தேவைப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத மாசை எதிர்த்து நிற்கும் இக்காலத்துக்கு, கண்ணைவிடக் கணக்கே உற்ற துணையாகும். அக்கணக்கை மறைக்காமல் எழுதுவதும், அதனைப் படிக்க மாணவருக்குக் கற்பிப்பதும் தூய காற்றுக்கு இடும் அடித்தளமாகும்.